முதல் காபிக்கு முன்னால்

“அந்தக் கல்லக் காட்டு, பாப்போம்,” என்றாள் உம்மு ஷனான்.

ரவ்னக் கைபேசியை நீட்டினாள். சுமேரியர் செதுக்கிய கல்லில் ஒரு நாணல் வீடு. அதன் இரு பக்கமும் ஆடுகள்.

“நம்ம ஷேக்கு கட்டற முதீஃப் மாதிரியே இருக்கே!”

“ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தினது.”

“அவனுங்க அப்பவே முடிச்சிட்டானுங்க. நம்ம ஆளுங்க இன்னும் கயிறு தேடறானுங்க.”

ரவ்னக் சிரித்துவிட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். முதீஃபின் உள்ளே வளைவுகளையும் கட்டுகளையும் தன் கையால் அளந்து வரைந்தால்தான் பஸ்ராவில் பேராசிரியர் அவளுடைய ஆய்வை ஏற்பார். கூட்டத்தின் தலைவரான ஷேக்கோ மரியாதையாக மறுத்துவிட்டார். அது ஆண்கள் விருந்தினரோடு அமரும் கூடம்.

“முதல் காபி ஊத்தற வரைக்கும் அது முதீஃப் இல்ல மகளே. வெறும் நாணல். அதுக்குள்ள யார் வேணா போலாம்.”

“கூரை போட்ட கையோட ஊத்திடுவாங்களே?”

“அத நான் பாத்துக்கறேன். நீ ரொட்டியத் தின்னு. பஸ்ராவுல பட்டினி போட்டா வளத்தாங்க?”

உம்மு ஷனான் சதுப்பில் பிறந்தவள். அரசு அதன் தண்ணீரை வற்றவைத்த ஆண்டுகளில் நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். தண்ணீர் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும், கணவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். அதன்பின் எருமைகள், பாய்கள், ஓயாத வாய். ரவ்னக்கை வீட்டில் தங்கவைத்தவள், எப்போது கிளம்புகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விருந்தாளி பேசாமல் இருந்தாலும் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. காலையில் எருமைப் பாலாடையின் கெட்டியான பக்கம் ரவ்னக்கின் தட்டுக்குத்தான் வரும்.

முதீஃபின் கூரையில் கடைசிப் பாயைக் கட்டிவிட்டு ஆண்கள் இறங்கினார்கள். வெளியே கரியின் மேல் காபிக் கெண்டி கொதிக்கத் தொடங்கியது.

“ஐயோ, என் எருமைங்க! பக்கத்துக் கூட்டத்தார் நாத்துக்குள்ள எறங்குதுங்க!” என்று அலறினாள் உம்மு ஷனான்.

நாற்றை எருமை மேய்ந்தால் இரு கூட்டத்துப் பெரியவர்களும் பஞ்சாயத்துக்கு உட்கார வேண்டும். அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஓடங்களில் தாவினார்கள். ஷேக்கும் ஏறினார். முதல் ஓடத்தின் முனையில் நின்று, தப்பான பக்கமெல்லாம் கைகாட்டிக்கொண்டு போனாள் உம்மு ஷனான்.

ரவ்னக் உள்ளே நுழைந்தாள். அளந்தாள், வரைந்தாள், மறுபடி அளந்தாள். கடைசி வளைவைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தபோது ஓடங்கள் கரைதட்டின.

“காபி பொங்கி வீணாப் போச்சு!” என்று கத்தினான் காபிக்காரன்.

“கயித்த அவுத்தது யாரு?” என்றார் ஷேக்.

“புது வீட்டு விருந்துன்னு அதுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு ஷேக்கே,” என்றாள் இடுப்புவரை நனைந்திருந்த உம்மு ஷனான்.

ஷேக் ரவ்னக்கின் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“வேற காபி வைடா,” என்றார்.

நாற்றுக்கு அதிகச் சேதமில்லை. அன்று மாலை ரவ்னக் உம்மு ஷனானிடம் போனாள். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

உம்மு ஷனான் ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி யோசித்தாள்.

“அந்தக் கூரையக் கீழயிருந்து பாத்தா எப்படி இருக்குமோ, அப்படியே எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடு மகளே. வெயில் எங்கெங்க நுழையுதோ, அதையும் விடாம போடு. பூரா நான் பின்னின பாய்தான்.”