நோன்பு மாதத்து மதியச் சாப்பாடு

எனக்கு நோய் பிடித்த முதல் வருஷம், என்னைப் போல நல்ல பெண் தெருவிலேயே கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். ரமலான் முடிந்த பிறகும் திங்கள், வியாழன் தவறாமல் நோன்பு வைக்கிற பெண். கல்யாண வீட்டில் சஹனில் உட்கார்ந்தால் கறியை மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடுகிற பெண். சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே பெரிய தட்டு. அதில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுப் பெரியம்மா தன் மகள்களிடம் என்னைக் காட்டி, பார்த்துப் பழகுங்கடி என்பாள். அந்தப் பெண்கள் என்னை முறைப்பார்கள். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

அல்லாவுக்காக நான் நோன்பு வைக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பின்னே எதற்காக என்று கேட்டால் அதுவும் தெரியாது. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஆம்பிளை இல்லாத வீட்டிலிருந்து வயசுப் பெண்ணைத் தினம் பஸ் ஏற்றி அனுப்ப முடியாது என்று காலேஜ் கிடையாது என்றாகிவிட்டது. என் அத்தா, அதாவது அப்பா, சவூதியில் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் அனுப்பியதில் எழும்பிய மாடி வீட்டில் அம்மாவும் நானும் இரண்டே பேர். மிக்ஸி, டேப் ரெகார்டர், பால்மாவு டப்பா, நான் போட்டிருந்த சட்டைத் துணி, எல்லாமே அங்கிருந்து வந்தது. பசி ஒன்றுதான் என் சொந்தச் சம்பாத்தியம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது எழுதும்போது அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. அப்போது அதை விட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அத்தாவின் போன் வரும். முதல் கேள்வியே சாப்பிட்டியாம்மா என்பதுதான். சாப்பிட்டேன் அத்தா என்பேன். லைன் கொரகொர என்று இழுக்கும். அத்தனை தூரத்திலிருந்து கேட்கிறவரிடம் பொய் சொல்வது ரொம்பச் சுலபம்.

நான் எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் அம்மா பயந்தாள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். ஓதி ஊதிய தண்ணீரைக் குடிக்க வைத்தாள். ஊர் டாக்டர் டானிக் எழுதினார், குளுக்கோஸ் ஏற்றினார். ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றி கிழிந்தது. தையல் போட்டவர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தஞ்சாவூருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மனநல டாக்டருக்கு.

அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜன்னலுக்கு வந்தாள். பின்சீட்டில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கேம்மா இவ்வளவு தூரம் என்றார். பல் டாக்டரிடம் என்று அம்மா பட்டென்று சொன்னாள். அவ்வளவுதான், அந்தப் பொய்யே நிலைத்துவிட்டது. அடுத்த இரண்டு வருஷம் ஊருக்கே என் பல் மேல் கவலை. கிராம்பு வைத்துப் பாரேன் என்று பெரியம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

டாக்டர் ஒரு நடுவயது அம்மாள். அதிர்ந்து பேசமாட்டார். இது திமிரும் இல்லை, பக்தியும் இல்லை, நோய், இதற்குப் பெயர் இருக்கிறது என்றார். பெயரை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு இருப்பது வேறு யாருக்கோ ஏற்கெனவே இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் பெயர் எதற்கு என்று தோன்றியது. பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"சாப்பிடு சாப்பிடுன்னு சொல்லாதீங்க. திட்டாதீங்க. நீங்க ஒரு தட்டுல போட்டுக்கிட்டு அவ எதிர்ல உக்காந்து சாப்பிடுங்க. மூணு வேளையும். மருந்தவிட அதுதான் முக்கியம். இப்படியே விட்டா புள்ள மிஞ்சமாட்டா."

மாதம் ஒருமுறை போனோம். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைப் போல ஒருத்தியாவது வருவாளா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். தூங்காதவர்கள் வந்தார்கள், தனக்குத்தானே பேசுகிறவர்கள் வந்தார்கள், புருஷன் குடித்துவிட்டு அடித்த பெண்கள் வந்தார்கள். சோற்றைக் கண்டு பயப்படுகிறவள் ஒருத்தியும் வரவில்லை. ஒருதரம் டாக்டர் கொடுத்த துண்டுச் சீட்டோடு நூலகத்துக்குப் போய் ஒரு தடிமனான இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தேன். அரைப் பக்கம். எந்தத் தேசத்துப் பெண்களைப் பற்றியோ எழுதியிருந்தது. அவர்கள் எல்லாம் ரொட்டி சாப்பிடுகிறவர்கள். மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அம்மா டாக்டர் சொன்னபடியே எதிரில் உட்கார்ந்தாள். பாதித் தட்டு உள்ளே போனது. அதற்குள் ரமலான் வந்துவிட்டது. வயலில் சம்பா கதிர் பால் பிடித்திருந்த சமயம். காலையில் எழுந்தால் குளிரில் பல் கிட்டும்.

டாக்டர் நோன்பு கூடவே கூடாது என்றுவிட்டார். அம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போய் அவர் மனைவி மூலமாகக் கேட்டாள். நோயாளிக்கு விலக்கு உண்டு, குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. என்ன நோய் என்று அம்மா சொன்னாளோ தெரியாது, பல் என்று சொல்லியிருக்கமாட்டாள். எனக்கு வந்ததே கோபம்! எனக்கு நன்றாக வருகிற ஒரே காரியம் அது. அதையும் பிடுங்கிக்கொண்டால் நான் யார்? கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். அம்மா வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

தெரு முழுக்க நோன்பு. பகலில் ஒரு வீட்டிலும் தாளிக்கிற வாசனை கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் அம்மா பன்னிரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுவாள். பெரியம்மா வீட்டுக்கு வாசனை போகக் கூடாது என்று கொல்லைக் கதவை அடைத்துவிடுவாள். உப்புப் பார்க்கவும் வாயில் வைக்கமாட்டாள், கைக்கணக்குதான். அடுப்படியில் எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள், வறண்ட உதட்டோடு. எதிரில் ஒருத்தி பட்டினியாக இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும்? நோன்பில் அவள் ஜெயிக்கிறாள், நான் தோற்கிறேன் என்று இருக்கும். நீ போம்மா, நான் சாப்பிடுகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டுக் கோழிகளுக்குப் போட்டேன். எங்கள் வீட்டுக் கோழிகள் அந்த ரமலானில் கொழுத்தன. நான்காம் நாள் கோழிக்கூட்டருகே அம்மா சோற்றுப் பருக்கைகளைப் பார்த்துவிட்டாள். அங்கேயே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் இரண்டு தட்டு வைத்தாள்.

"எனக்கு இன்னிக்கி நோன்பு இல்ல. தனியாச் சாப்புடப் புடிக்கல. வா, சேந்து சாப்புடுவோம்" என்றாள்.

பெண்களுக்கு மாதத்தில் அந்த நாட்களில் நோன்பும் தொழுகையும் கிடையாது. விட்ட நோன்பைப் பிறகு வைத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த நாட்களில் அடுப்படியில் கதவை ஒருக்களித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் சாப்பிடுவது எல்லா வீட்டிலும் வழக்கம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. அவள் பிஸ்மி சொல்லி முதல் வாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். கத்திரிக்காய் போட்ட பருப்பு, அவித்த முட்டை. நான் கை நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள், நான் எடுத்தால் அவளும் எடுப்பாள். ஊரெல்லாம் பட்டினி கிடக்கிற மதியத்தில் நாங்கள் இரண்டு பேர் திருடர்கள் மாதிரி தின்றோம். ஏழு நாள் அப்படி. எட்டாம் நாள் அவள் மறுபடி நோன்பாளியாக எதிரில் உட்கார்ந்தபோது எனக்குத் தனியாகவும் இறங்கியது. முழுத் தட்டு இல்லை, ஆனால் கோழிக்குப் போகவில்லை.

உடனே குணமாகிவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்தேன். நடுவே ஒருதரம் மறுபடி விழுந்தேன். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு பிரவுசிங் சென்டரில் அந்தப் பெயரைத் தட்டி, உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ பெண்கள் எழுதியதையெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். ஒருத்திக்கும் பதில் எழுதவில்லை. எதை எழுதுவது? நோன்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல வருஷம் கழித்து அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று தஞ்சாவூரில் சேர்த்தோம். இளவயது டாக்டர் பெண் ஒருத்தி வந்து ஃபாரம் நிரப்பினாள். முன்னே ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள். கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது, இரண்டாவது பிள்ளை தங்காமல் போனபோது, அப்போது இவளுக்கு ஒன்பது வயசு என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ரமலானில் எனக்குப் பதினெட்டு. அம்மா ஒவ்வொரு வருஷமும் முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்கிறவள், ஒருநாளும் தொழுகையை விடாதவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் என் தட்டைத் தவிர எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

அப்ப அந்த ஏழு நாள், என்று ஆரம்பித்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நோன்ப முறிச்சேன்" என்றாள். "வேணும்னேதான் முறிச்சேன்."

"பயமா இல்லியாம்மா?"

"பயமில்லாம? ஒவ்வொரு வாய்க்கும் பயந்தேன். நீ எனக்கு ஒத்தப் புள்ள. மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், நீ ஏன் கெடந்து அழுவுற?"

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"யாருகிட்ட சொல்றது? ஹஜ்ரத்துகிட்ட கேட்டா கூடாதும்பாரு. கேக்காமச் செஞ்சுட்டேன். அத்தாகிட்ட போன்லயா சொல்றது, அவரு அங்கே தனியாக் கெடந்து தவிக்கவா? நீயும் யாருகிட்டயும் சொல்லாத."

அவள் மௌத்தாகும்வரை நான் சொல்லவில்லை. இப்போது அத்தாவும் இல்லை. கேட்டுவிடுவார்களே என்று பயப்பட அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. எனக்கு அப்போது டாக்டர் இருந்தார், மாதம் ஒருமுறை போய் உட்கார ஒரு பெஞ்சு இருந்தது, எதிரில் உட்கார்ந்து சாப்பிட அம்மா இருந்தாள். அம்மாவுக்கு ஒருவரும் இல்லை.