நீலக்கட்சிக்கு ஓர் அர்ச்சனை

எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை. ஐரோப்பாவின் வடக்கே, குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டத் தொடங்கிவிடும் நாடுகளில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெரிய மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார், இன்னும் தேர்தலில் நிற்கிறார். அவரோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

அம்மாவின் சகோதரர்கள் இரண்டு பேருமே அந்த நாட்டில் இருந்தார்கள். அண்ணனான பெரிய மாமா இளவயதிலேயே போய், குடியுரிமை எடுத்து, கட்டடங்களைத் துப்புரவு செய்யும் கொம்பனி ஒன்றும் வைத்திருந்தார். தம்பியான சின்ன மாமா இங்கே சண்டை முடிந்து, இராணுவம் அடைத்துவைத்த முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு போனவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்துவிட்டு அங்கே அகதிகளுக்கான முகாமொன்றில் காத்திருந்தார். முகாம் மாறி முகாமுக்குப் போயிருக்கிறான் என்று அப்பா சொல்வார். அம்மா அதற்கு ஒருநாளும் சிரித்ததில்லை. திருப்பி அனுப்பினால் தம்பியை விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, வெள்ளிக்கு வெள்ளி விரதம் இருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டக்கச்சியில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த, இன்னும் பூச்சுப் பூசாத வீட்டில் இருந்தோம். ஒருநாள் பெரிய மாமா வைபரில் ஒரு படம் அனுப்பினார். கழுத்தில் நீல ரை கட்டி, தன் முகம் போட்ட சுவரொட்டிக்குப் பக்கத்தில் தானே நின்று சிரித்தார். நகரசபைக்குப் போட்டியிடுகிறாராம். அதே நாளில் நாடாளுமன்றத்துக்கும் தேர்தலாம். வரியைக் குறைக்க வேண்டும், சொந்தத் தொழில் செய்பவர்களை நிம்மதியாக விடவேண்டும் என்று சொல்லும் கட்சியாம். அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்து நீலக்கட்சி என்று வைத்துக்கொண்டோம்.

அம்மா உடனே அழைப்பெடுத்தார்.

"அண்ணை, உங்கட கட்சி வந்தா தம்பியின்ர அலுவல் சரிவரும் என்ன?"

"கட்சி வேறை, அவன்ர கேஸ் வேறை, பிள்ளை. உதுகளைப் போட்டுக் குழப்பாதை."

அண்ணன் அடக்கமாகக் கதைக்கிறார் என்று அம்மா எடுத்துக்கொண்டார். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு வீடு வந்தது, கரண்ட் வந்தது, வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குக் கிரவல் கொட்டியது எல்லாமே, ஆளும் பக்கத்தில் யாரோ ஒருவரைப் பிடித்து நடந்தவைதான். ஆளும் கட்சிக்குள் எங்கள் ஆள் ஒருவர் இருந்தால் காரியம் நடக்கும். இது அம்மா வாழ்ந்து கற்ற பாடம். அங்கே மட்டும் வேறு மாதிரி நடக்கும் என்று யார் கண்டது?

அம்மா கட்சியின் பெயரில் அர்ச்சனை செய்வதென்று முடிவெடுத்தார். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். கட்சி எப்போது தொடங்கியது என்று பெரிய மாமாவிடம் கேட்டார். தங்கை தன் அரசியலில் இவ்வளவு அக்கறை காட்டுகிறாளே என்று அவரும் பெருமையோடு தேடிப் பார்த்துத் திகதி சொன்னார். அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்சி. பிள்ளையார் கோயில் ஐயர் தன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தார்.

"கேட்டை நட்சத்திரம். விருச்சிக ராசி. ஆருக்கு அம்மா, தாத்தாவுக்கோ?"

"கட்சிக்கு ஐயா."

ஐயர், இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தாயிற்று என்பதுபோல உள்ளே போனார். மந்திரங்களுக்கு நடுவே நீலக்கட்சி என்று கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அவருடைய கண்கள் மூடியபடியே இருந்தன, கன்னம் நனைந்திருந்தது.

"இஞ்சத்தைக் கட்சியளையே சுமந்து களைச்சுப்போனம். இனி அங்கத்தையதும் எங்கட தலையிலயோ?" என்றார் அப்பா, வயலால் வந்து கால் கழுவியபடி. ஆனாலும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டார்.

அர்ச்சனை செய்த விசயத்தை அம்மா தொலைபேசியில் சொன்னபோது லைன் அறுந்துவிட்டது. அம்மா திரும்ப எடுத்தார். வேலையாக இருக்கிறேன் என்று பெரிய மாமா வைத்துவிட்டார்.

நீலக்கட்சி வென்றது. பெரிய மாமாவும் நகரசபைக்குப் போனார். அம்மா பால்புக்கை பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார். அன்றைக்குத்தான், இடம்பெயர்ந்து திரிந்த காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, அம்மா ஒரு முழு இரவு நித்திரை கொண்டதாக அப்பா பின்னாளில் சொன்னார்.

அந்தத் தேர்தலுக்கு அடித்த துண்டுப்பிரசுரம் ஒன்று, நான் பல்கலைக்கழகம் போன பிறகு இணையத்தில் கிடைத்தது. மொழிபெயர்த்துப் படித்தேன். முதல் வாக்குறுதி வரி. இரண்டாவது, நிராகரிக்கப்பட்ட அகதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புவது. பெரிய மாமா அதை வீடுவீடாகப் போய்க் கொடுத்திருக்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்பாக இருந்தது. அம்மாவுக்குக் காட்டவில்லை.

அந்தத் தேர்தல் முடிந்து ஆறு மாதத்துக்குள், திருப்பி அனுப்பப்பட்ட சின்ன மாமா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு சின்னப் பை, அந்த வெயிலில் தோளில் ஒரு தடித்த குளிர்ச்சட்டை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க இருத்தி விசாரித்துவிட்டு, இனியும் கூப்பிடுவோம் என்று சொல்லி விட்டிருந்தார்கள். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். தம்பி உயிரோடு வந்ததற்காக அழுகிறாரா, வந்ததற்காகவே அழுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனவர், வெகுநேரமாக வெளியே வரவில்லை.

கதிரையில் தனியே இருந்த மாமாவிடம் நான் போனேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"மாமா, அங்க நீலக்கட்சி வெண்டது தெரியுமோ? நாங்கள் அர்ச்சனை செய்ததாலதான் வெண்டது. நானும் கும்பிட்டனான்."

மாமா என் தலையில் கை வைத்தார்.

"ஓம் பிள்ளை. நல்லாத்தான் கும்பிட்டிருக்கிறியள்."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், மாமா வெளிநாட்டிலிருந்து வந்து என்னைப் பாராட்டினார் என்று எல்லோருக்கும் சொன்னேன்.