"வேறென்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்ட அப்போதிக்கரி

கிளிநொச்சிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோதுதான் செய்தி வந்தது. வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். "பரியாரியார், உங்கட அப்போதிக்கரி ஐயா விடியக்காலமை முடிஞ்சு போனார்" என்றார். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். வரும் என்று தெரிந்த செய்திதான். அழுகை வரவில்லை, ஒரு களைப்பு வந்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

உருத்திரபுரத்து அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்த அருளப்பரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் அதே ஊரின் பரியாரி, நாட்டு வைத்தியன். நாங்கள் கீரியும் பாம்புமாக இருக்க வேண்டியவர்கள், கொஞ்சக் காலம் அப்படித்தான் இருந்தோம். அவர் என் எண்ணெய்களைப் பற்றிக் கதைத்ததை எனக்கும், நான் அவருடைய சிவப்புத் தண்ணி மருந்தைப் பற்றிக் கதைத்ததை அவருக்கும் சனம் உடனுக்குடன் கொண்டுவந்து சேர்த்தது.

அவரிடம் போன எவரும் அந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. "வேறென்ன குடுத்தனீங்கள்?" காய்ச்சலுக்குப் போனாலும் கேட்பார், கால் முள்ளுக்குப் போனாலும் கேட்பார். சனம் சலித்துப்போய் "ஒண்டுமில்லை ஐயா" என்று சொல்லும். உடனே அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஒண்டுமில்லை எண்டு சொல்லுற வாயிலதான் எல்லாம் மணக்குது" என்பார்.

வயலில் நெல் சூடுமிதிப்புக் காலத்தில் ஒருவன் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். தைரியத்துக்கென்று கூட்டாளிகள் வழியெல்லாம் சாராயம் பருக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அருளப்பர் குனிந்து அவன் வாயை மணந்து பார்த்தார். நோவுக்கென்று எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார். "இந்த வெறிக்கு மேல இதைப் போட்டால் இவன் நித்திரையாப் போய் எழும்பமாட்டான்" என்றார். அவன் கத்திய கத்தலில் சனம் சேர்ந்துவிட்டது. "கல் நெஞ்சன்" என்று அவர் முகத்துக்கு நேரேயே ஏசினார்கள். பலகை வைத்துக் கட்டி, லொறியில் அவனைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, அவர் வாசலில் இருந்து வாந்தி எடுத்ததை நான் தெருவில் நின்று பார்த்தேன். அந்த மனிதன் நொண்டிக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தான். அருளப்பரோடு மட்டும் கதைக்கவில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது கனகம்மாவின் வருத்தம். வயிற்றில் கட்டி, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்தபடி அருளப்பர் சைக்கிளில் போய் மோர்பியா ஊசி போட்டு வந்தார். அவளுடைய புருஷன் தம்பையா என்னையும் கூப்பிட்டான். அரசாங்கக் கச்சேரியின் அனுமதியில் நாட்டு வைத்தியருக்குக் கிடைக்கும் அபினைச் சேர்த்து, நித்திரைக்கு ஒரு லேகியம் செய்து கொடுத்தேன். சைக்கிள் மணி கேட்டால் என் லேகியம் அலுமாரிக்குள் போய்விடும். நான் படலையைத் திறந்தால் ஊசி போட்ட கையைச் சீலையால் மூடிவிடுவார்கள். எங்கள் சனத்துக்கு மரியாதை பெரிது. இரண்டு வைத்தியரில் ஒருவர் மனமும் நோகக் கூடாது.

ஒரு மத்தியானம் அவளை எழுப்ப முடியவில்லை. உதடு நீலம், மூச்சு எப்போதோ ஒன்று. அருளப்பர் ஓடி வந்து கண்மடலைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவாகச் சுருங்கிக் கிடந்தது. "வேறென்ன குடுத்தனீங்கள்?" தம்பையா தலை குனிந்து "ஒண்டுமில்லை ஐயா" என்றான். அவர் அவளுடைய வாயை மணந்துவிட்டு என்னைக் கூட்டிவர ஆளனுப்பினார். நான் போனதும், "உங்கட லேகியத்தில அபின் கிடக்கோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் ஏசவில்லை. "அப்ப அந்தப் பக்கம் வாங்கோ" என்றார்.

பொழுது சாயும்வரை மாறி மாறி அவளுடைய கைகளைத் தூக்கித் தாழ்த்தி மூச்சு வாங்க வைத்தோம். அவர் தன்னிடமிருந்த வேறொரு ஊசியையும் போட்டார். தம்பையா அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் முகத்தைச் சுளித்து "நோகுது" என்றாள். அருளப்பர் நிலத்திலேயே இருந்துவிட்டார். "நோகுதெண்டு சொல்லுறாள் பரியாரியார், தப்பிட்டாள்" என்று சொல்லிக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "என்ர ஊசியும் உங்கட லேகியமும் அபினில பிறந்த ஒரு தாய்ப் பிள்ளையள். சனம் எங்களுக்கு மரியாதை செய்யப்போய் அந்தப் பெட்டையை மேல அனுப்பப் பாத்திட்டுது" என்றார்.

அன்றிலிருந்து, கடும் வருத்தக்காரர் இருக்கும் வீடுகளுக்கு இருவரும் ஒன்றாகவே போனோம். அவர் சைக்கிளை மிதிப்பார், நான் பின்னால் கரியரில் இருப்பேன். ஊர் பார்த்துச் சிரித்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே படலையால் நுழைந்தால் எந்த மருந்தை யாருக்கு ஒளிப்பது? கனகம்மாவுக்கு அவருடைய ஊசி மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். அவள் அடுத்த சிறுபோக விதைப்பு வரை உயிரோடு இருந்தாள்.

ஓய்வு பெற்று வவுனியாவில் இருந்த அருளப்பருக்கும் கனகம்மாவின் அதே வருத்தம் வந்தது. போன மாதம் என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். கதிரையில் தலையணைகளுக்கு நடுவே பாதி மனிதராக இருந்தார். "பரியாரியார், அந்த லேகியத்தில கொஞ்சம் தாங்கோ. நித்திரை வேணும்" என்றார். அவருடைய கேள்வியை அவரிடமே கேட்க எனக்கு நாக்கூசியது. ஆனாலும் கேட்டேன். "வேறென்ன எடுத்தனீங்கள் ஐயா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்டுமில்லை."

பக்கத்து மேசையில், மோர்பியாவின் இனத்துப் பெத்தடின் ஊசி போட்ட தட்டம் அப்படியே இருந்தது. நித்திரைக் குளிசைப் போத்தலும் இருந்தது. அவருடைய மனைவி கதவடியில் நின்று என்னைப் பார்த்தார். லேகியம் என் பைக்குள் இருந்தது. ஏன் கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். "கொண்டு வரேல்லை ஐயா" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பையையும் பார்த்தார். "நல்லது பரியாரியார், அப்ப கையைத் தாங்கோ" என்றார். பஸ் நேரம் வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அவர் நோவோடுதான் போயிருக்கிறார். நான் கொடுத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை.

அவருடைய கேள்வி என்னிடம் இருக்கிறது. என் வாசலுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன். "ஒண்டுமில்லை" என்று அவர்கள் சொன்னால் அவரைப்போல எனக்குக் கோபம் வருவதில்லை. அப்படிச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்ட அவருடைய முகம்தான் வருகிறது. கொஞ்சம் பொறுத்து, மெல்ல, இன்னொரு தரம் கேட்கிறேன்.