படப்பையில் ஒரு சிவப்புக் கோடு

1987 செப்டம்பரில் படப்பைக்குக் கிளம்பியது ஒரு முடிவோடு: இதுவே கடைசி. லைரா விண்மீன் மண்டலத்தில், வேகா நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, பீட்டா லைரே என்று ஒன்று இருக்கிறது. வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி, உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்றின் வாயு மற்றொன்றின் மேல் கொட்டுகிறது. நேரே விழாமல் தட்டு மாதிரிச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. அதன் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்தால் சிவப்புப் பக்கத்தில் ஹைட்ரஜன் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரிய வேண்டும். எட்டு அங்குலத் தொலைநோக்கியையும் ஒளிபிரிக்கும் குழலையும் நானே செய்திருந்தேன். இரண்டு வருடம் பார்த்தும் கோடு தெரியவில்லை. கழற்றிப் போட்டுவிடலாம் என்று மனைவி ரேவதியிடம் சொன்னேன். அப்படியென்றால் ஒரு தடவையாவது நானும் வருகிறேன் என்றாள்.

மேற்குத் தாம்பரத்தில் மாலை நாலரை மணி பஸ். படப்பை பதினைந்து கிலோமீட்டருக்குப் பக்கம். கண்டக்டர் தொலைநோக்கிக் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பம்புசெட்டா?"

நட்சத்திரம் பார்க்க என்றேன். ரேவதியைப் பாவமாகப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நண்பரின் அரிசி ஆலைக் களம், சமமான சிமென்ட் தரை. ஏழேகாலுக்கு நட்சத்திரம் உச்சிக்கு வடக்கே நின்றது. வழக்கம்போல நீலம், பச்சை, மஞ்சள், அதற்கப்புறம் இருட்டு. சலித்துப்போய் ரேவதியைப் பார்க்கச் சொன்னேன்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். "ஓரத்துல சிவப்பா ஒரு கோடு இருக்கே, அதுவா?"

சரிபார்க்க, அந்தக் கோடு இருக்கக்கூடாத பக்கத்து வேகாவுக்குத் திருப்பினேன். அங்கே கோடு இல்லை என்றாள். மறுபடி பீட்டா லைரே. இருக்கிறது என்றாள். எனக்கு அந்த இடம் கருப்பு. கருவியில் ஒரு குறையும் இல்லை, குறை என் கண்ணில் என்று புரிந்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடர்சிவப்பு எனக்குத் தெரியாது என்பதைப் பிறகு கண் டாக்டரும் உறுதி செய்தார்.

திரும்பும் பஸ்ஸில் ரேவதி கேட்டாள்.

"நம்ம கல்யாணத்துல நான் என்ன கலர் புடவை கட்டியிருந்தேன்?"

"கருப்பு மாதிரி. ஏதோ உங்க வீட்டு வழக்கம்னு நினைச்சேன்."

"அது அரக்குங்க. கருப்புன்னு நினைச்சுக்கிட்டேவா தாலி கட்டினீங்க?"

முடிச்சூர் தாண்டும்வரை சிரித்தாள்.

இப்போது போகிறவர்களுக்கு: பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலை விளக்குகள் வானத்தை வெளிறச் செய்துவிட்டன, இன்னும் தள்ளிப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை விட்ட மறுநாள் நல்லது. பனி இறங்கும், லென்ஸ் துடைக்கப் பழைய வேட்டித் துணி வையுங்கள். கடைசி பஸ்ஸை விசாரித்துக்கொண்டு இறங்குங்கள். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள்.

தொண்ணூறுகளிலும் சேர்ந்தே போனோம். நான் குழாயைத் திருப்புவேன். கோடு இன்று தடிப்பா, மங்கலா என்று அவள் சொல்வாள். நான் அதை இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அவள் குரலில்தான் பதில் வருகிறது.