கரை தெரியாத ஒரே நாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் புகைப்படத்தில் கயிற்று ஏணியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடியிருக்கும் பிராணி நான்தான். குன்னூரில் நான் தேயிலை ருசி பார்க்கும் அலுவலகத்தில், மாதிரிக் கிண்ணங்களுக்கு மேலே, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தேநீரைக் காட்டுவதற்கு முன் என்னைக் காட்டுகிறார்கள். பர்லியார் தாண்டி மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வருகிறவனாயிற்றே, உயரமெல்லாம் எனக்குத் தூசு என்று இருந்தேன். இத்தனை வருடமாக ஏறியது பஸ்தான், நான் இல்லை என்பது கப்பலில்தான் உறைத்தது.

மூன்று பாய்மரங்கள் கொண்ட அந்தக் கப்பல், கொச்சியிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்குப் போனது. 'யார் வேண்டுமானாலும் தொண்டர்களாக வரலாம்' என்று அறிவித்திருந்தார்கள். நாங்களெல்லாம் அந்த வரியை நம்பாமல் சான்றிதழ்களை அடுக்கி அனுப்பினோம். அப்படியே நம்பியவர், தேவாலாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர்தான். 'மழையில் வேலை செய்வேன், வாந்தி வராது' என்று மகளின் போனில் இரண்டே வரி தட்டி அனுப்பினாராம். இரண்டும் உண்மை. முதல் மூன்று நாள் நாங்கள் வாளியும் கையுமாகக் கிடந்தபோது, தோட்டத்தில் கட்டுவதுபோல இடுப்பில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக்கொண்டு அவர் தளம் கழுவிக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்தவர்கள், நனைந்த பேன்ட் தொடையை அறுத்ததும், "அக்கா, இன்னொரு படங்கு இருக்குங்களா?" என்று வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் அடியேன்.

காலையில் எங்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். தோட்டத்தில் அதைப் பெரட்டு என்பார்கள். அக்கா கப்பலிலும் அப்படியே சொன்னார். கேப்டன் பெரிய துரை, அவருக்கு அடுத்த அதிகாரி சின்னத் துரை. நான்காம் நாளுக்குள் மொத்தக் கப்பலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது, துரைகளுக்குப் பின்னால்தான்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. "தேவாலாவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து முன்னால நிக்குது தம்பி. ஒருக்காவாவது நாலு பக்கமும் ஒண்ணுமே இல்லாம பாக்கணும்." கீழே நின்றால் பாயும் கயிறும் மறைக்கும், நடுமரத்தின் உச்சிக்குத்தான் போக வேண்டும். கரையை விட்டு வெகுதூரம் விலகி ஓடுவது ஒரே ஒரு நாள். அன்று மதியம் உச்சிக்கு ஏற அனுமதி கிடைத்தவர்கள் மூன்று பேர். பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது.

அன்று காலைதான் எனக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றியது. சின்னத் துரையின் உத்தரவில்லாமல் யாரும் ஏறக்கூடாது என்பது கப்பலின் முதல் விதி. போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பாதி உயரத்தில் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழாமல் தாங்கும் இடுப்புக் கொக்கியை ஏணியில் மாட்ட மறந்திருந்தேன். கைகள் ஏணியில் பூட்டிக்கொண்டன. கீழே ஆளாளுக்குக் கத்தினார்கள். சின்னத் துரையைத் தேடி ஒருவர் ஓடினார். அக்கா ஒரு தரம் உச்சியைப் பார்த்தார். பிறகு ஏறி வந்துவிட்டார்.

முதலில் என் கொக்கியை மாட்டினார். அப்புறம்தான் பேச்சு.

"கைய விடுங்க."

"முடியலீங்கக்கா."

"எங்க ஊரு அட்டைப்பூச்சி தோத்துச்சு போங்க. அதாவது துளி உப்பைக் கண்டா விட்டுரும். கீழ இத்தனை உப்பு கிடக்குது, நீங்க விடமாட்டேங்கிறீங்களே!"

சிரிப்பு வந்ததில் ஒரு கை தளர்ந்தது. அதைப் பிடித்து ஒரு படி கீழே வைத்தார். அப்படியே படிப்படியாகத் தளம் வரைக்கும்.

கீழே சின்னத் துரை நின்றிருந்தார். "உங்களை யார் ஏறச் சொன்னது?" என்று அக்காவைக் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் ஏறியதாக அவர் சொல்லியிருக்கலாம். "யாரும் சொல்லல சார். நானாத்தான் ஏறினேன்" என்றார். இந்தப் பயணத்தில் இருவரும் இனி ஏறக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. நான் கெஞ்சப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பெரட்டுல பேரை வெட்டினா வெட்டினதுதான். வாங்க, கயிறு இழுக்கணும்."

மதியம் மற்ற இருவரும் உச்சிக்குப் போனார்கள். அக்கா கழுத்து ஒடிய அண்ணாந்து, "என்ன தெரியுது?" என்று கத்தினார்.

"ஒண்ணுமே இல்லக்கா!"

"அதத்தான் கேட்டேன்!" என்று சிரித்தார். நான் பித்தளை துடைக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன். தூத்துக்குடியில் இறங்கும் வரைக்கும் அக்கா ஒரு வார்த்தை என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மூன்று வருடமாகிறது. தினமும் நூறு கிண்ணம் ருசித்துத் துப்புகிறவன் நான். இதை மட்டும் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. போன வாரம் அந்தக் கப்பல் மறுபடி கொச்சிக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. அக்காவுக்கு, அவர் மகளின் போனில், ஒரு பக்கத்துக்கு மன்னிப்பு எழுதி அனுப்பினேன்: உங்கள் நாளைக் கெடுத்தவன் நான், இந்த முறை கட்டாயம் நீங்கள் போக வேண்டும், தோட்டத்தில் லீவு தராவிட்டால் நானே வந்து பேசுகிறேன், கூடவே வந்து உதவியும் செய்கிறேன் என்றெல்லாம். தேவாலாவில் மழைக்கு சிக்னல் போயிருந்ததோ என்னவோ, சாயங்காலம்தான் பதில் வந்தது.

"லீவு போட்டாச்சு, நீங்க கீழயே நில்லுங்க."