அது அப்பா இடம்

என் அக்கா புருஷனைப் பற்றி விசாரிக்கிறவர்கள் "இப்ப எந்த ஊர்ல இருக்காரு?" என்றுதான் கேட்பார்கள். எப்படி இருக்கிறார் என்று ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. ஷாம்பு, காபித்தூள் எல்லாவற்றையும் குட்டிக் குட்டிப் பாக்கெட்டில் அடைக்கிற மெஷின் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. மெஷினை வாங்கினவர்கள் ஊருக்கெல்லாம் போய், அதைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, பாக்கெட் ஓரம் ஒழுகாமல் ஒட்டுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொரு ஊரில் ஒழுகும். போன் வரும். அவர் வீட்டில் இருக்கிற நாளிலும் பெட்டி கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருக்கும். அதை யாரும் அலமாரிமேல் ஏற்றி நான் பார்த்ததில்லை. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்த மனிதர். எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயரே 'சக்கரம்'தான். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் சிரிப்பார்.

நான் மேல்மாடியில் இருக்கிறேன். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிற பிழைப்பு. இருட்டினதும் தையல் மெஷினை மூடிவிட்டுக் கீழே அக்கா வீட்டுக்குச் சாப்பிட இறங்குவேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேஜையின் தலைமாட்டு நாற்காலியில் யாரும் உட்காரமாட்டோம், அதற்கு எதிரே தண்ணீர் ஜக்கு இருக்கும். அக்கா போனை அதில் சாய்த்து வைப்பாள். திரையில் மாமா ஏதோ ஒரு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து பார்சல் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், அக்கா மகள் ஆரம்பித்துவிடுவாள். நாலு வயது, பொடிசு என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளியது என்பதிலிருந்து பூனை குட்டி போட்டது வரைக்கும் வாய் ஓயாது. மாமா கை காயக் காயக் கேட்டுக்கொண்டிருப்பார். "அப்புறம்?" என்பார். "அச்சச்சோ!" என்பார். பார்க்க எனக்கே பொறாமையாக இருக்கும்.

அந்த மனிதர் இந்தத் தடவை முழுசாக ஒரு வாரம் லீவு வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா முகத்தைப் பார்க்கவேண்டுமே! முதல் நாள் சாப்பாட்டுக்கு மாமா கை கழுவிவிட்டு வந்து, தலைமாட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஜக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். உடனே பொடிசு வீல் என்று கத்தினாள்.

"அது அப்பா இடம்!"

"நான்தான்டா கண்ணு அப்பா" என்றார் மாமா.

அவள் அக்காவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்து நாற்காலிக்கு மாறினார், ஆனால் சோறு அவருக்கு இறங்கவில்லை.

முதல் நாள் கூச்சம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள் அக்கா. மறுநாளும் சரியாகவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அப்பா என்று கூப்பிடக்கூட இல்லை. பொம்மை வாங்கி வந்திருந்தார். வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். ஒருநாள் முழுக்க அவர் பின்னால் சுற்றி வந்தாள், என்னமோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதர் ஒரு இடத்தில் நின்றால்தானே! குழாய் சொட்டுகிறது என்று சமையலறைக்குப் போவார். அங்கே ஃபிரிட்ஜ் சத்தம் சரியில்லை என்று தோன்றும். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஃபிரிட்ஜ்மேல் வைத்துக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார், மெஷினுக்குள் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று இவர்கள் அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். பாதியில் போன் வரும். பேசிக்கொண்டே பால்கனிக்குப் போவார், பால்கனியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து மறுபடி பால்கனிக்கு. எனக்குத் தலை சுற்றியது.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"உக்காந்துதானேம்மா இருக்கேன்" என்றார், நின்றுகொண்டு.

லீவு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கேயோ பாக்கெட் எல்லாம் ஒழுகுகிறதாம், மறுநாள் காலையிலேயே கிளம்பவேண்டுமாம். அக்கா அவர் சட்டைகளை மடிக்க உட்கார்ந்தாள். மாமா கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

"எம் பொண்ணு என்னை ஒரு தடவைகூட அப்பான்னு கூப்பிடல. இப்படியே போயிட்டு வந்தேன்னா அடுத்த தடவை என்னை அடையாளமாச்சும் தெரியுமா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. மெஷின் விரலை நசுக்கியபோதுகூட அழாத ஆள்.

அந்த நேரம் பார்த்துப் பொடிசு வந்து அக்காவின் முந்தானையை இழுத்தாள். "அப்பாவுக்குப் போன் போடும்மா."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "கண்ணு தெரியலையாடி உனக்கு? இதோ நிக்கிறாரே, இது யாரு?" என்று கையை ஓங்கிவிட்டாள். பொடிசு உதட்டைப் பிதுக்கினாள். நான் நடுவில் புகுந்தேன்.

"நீ சும்மா இரு, அக்கா. மாமா, நீங்க போனை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் போங்க. போயி வீட்டுக்குப் போன் போடுங்க."

"என்னம்மா, விளையாடுறியா?"

"ஊர் ஊராப் போயிப் பேசுறீங்கல்ல? படிக்கட்டுல உக்காந்து பேசினா குறைஞ்சா போயிடுவீங்க? போங்க மாமா!"

போனார். அக்காவின் போன் அடித்தது. பொடிசு அதை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகமே மாறிவிட்டது.

"அப்பா! எங்க போயிட்ட? எங்க வீட்டுல ஒரு அப்பா வந்திருக்காரு."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ.

"ம்... பொம்மை குடுத்தாரு. அவரு எப்பப் போவாரு?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே, நாலு படி கீழே உட்கார்ந்திருக்கிற மனிதர் என்னவோ கேட்டிருக்கிறார். பொடிசு யோசித்துப் பதில் சொன்னாள்.

"பிடிக்கும். ஆனா அவரு உக்காரவே மாட்டேங்கிறாரு. நான் சொல்றதுக்குள்ள போயிடுறாரு."

கொஞ்ச நேரத்தில் மாமா படியேறி வந்தார், போன் காதிலேயே இருந்தது. உள்ளே வரவில்லை. நிலைப்படியில், அவளுக்கு நேர் எதிரே, அவளைப் போலவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பொடிசு அவரைப் பார்த்தாள். அவர் காதிலிருந்த போனைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. என்ன சொல்ல வந்த?" என்றார் மாமா, போனுக்குள்.

அவளும் போனுக்குள்ளேயே சொன்னாள். அவள் செருப்பு ஒன்று பால்கனியிலிருந்து கீழ்வீட்டுக்காரர் தலைமேல் விழுந்த கதை. விழுந்ததற்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று கதை பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. மாமாவின் முழங்கால் துடித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் போனில் வேறு அழைப்பு டொக் டொக் என்றது. எடுத்துப் பார்த்தார், கம்பெனிதான். எடுக்கப்போகிறார், கெட்டது குடி என்று நினைத்தேன். போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம்? தலையில விழுந்ததும் அவரு என்ன சொன்னாரு?"

பொடிசு சொல்ல வாயெடுத்தாள். "கை வலிக்குது" என்றாள். எழுந்து போய், போனை அவர் மடியில் போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் தொடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமா மூச்சுக்கூடச் சரியாக விடவில்லை. அக்கா அடுக்களைக்குள் போய் முகம் கழுவினாள். நான் சும்மா நின்றிருக்கிறேனே என்று அவர் சட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

காலையில் பொடிசு எழுவதற்குள் பெட்டி கிளம்பிவிட்டது.

அன்று இரவு சாப்பாட்டுக்கு நான் இறங்கி வந்தபோது, கதவுக்குப் பின்னால் வெற்றிடம். அக்கா வழக்கம்போல ஜக்கில் போனைச் சாய்த்தாள். மாமா வந்தார், வேறொரு கட்டில், வேறொரு பார்சல். "சாப்பிட்டியாடா கண்ணு?" என்றார். பொடிசு தலைமாட்டு நாற்காலியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். போச்சு, இனி இதிலும் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா" என்றாள் அவள்.

"சொல்லுடா."

"அந்த அப்பா எப்ப வருவாரு?"

மாமா கையிலிருந்த போன் சாய்ந்துவிட்டது. திரையில் லாட்ஜ் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வருவாரும்மா. சீக்கிரம் வருவாரு" என்றது விசிறி.

"வந்தா உக்காரச் சொல்லு" என்றாள் பொடிசு. சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.