கருவாட்டுக் குழம்புக்குப் போகவிருந்த ஸ்டெல்லா அக்காவின் அவரை

இன்று காலை, விதைப் பரிமாற்றம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கும்போது, எங்கள் வீட்டு அடுப்படியில்...

வனிதா குண்டானைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க, மொச்ச கலரு வேற மாதிரி கீது?"

(வனிதா என் மனைவி. திருக்கழுக்குன்றத்துப் பெண். நான் திண்டுக்கல்காரன். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.)

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மொச்சையை ஊறப்போடச் சொல்லியிருந்தாள். நானும் நேற்று சாப்பாடு முடிந்ததும் கடமை தவறாமல் பிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீரில் கொட்டிவிட்டுப் படுத்தேன்.

கடையில் வாங்கிய மொச்சை, அலமாரியில் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் குண்டானில் கிடப்பது?

ஸ்டெல்லா அக்காவின் அவரை விதை. மொத்தமும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மொட்டை மாடியிலும் வீட்டுக் கொல்லையிலும் காய்கறி போடுகிறவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். ஆடியில் ஒரு ஞாயிறு, அவரவர் விதையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வோம். இந்த முறை ஏற்பாடு என் பொறுப்பு.

ஸ்டெல்லா அக்காவுக்கு சதுரங்கப்பட்டினம். ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அவர் வீட்டு வேலியில், பழைய மீன்வலையைப் பிடித்துக்கொண்டு ஏறும் அவரைக்கு உப்புக்காற்று ஒரு பொருட்டே இல்லை. எங்கள் மாடிகளில் எந்த அவரையும் ஒரு மாதம் தாண்டாது. போன மழையில் அந்தக் கொடியும் முறிந்து விழுந்தது. மிஞ்சியது ஒரு பாட்டில் விதை.

பாதி கொடுங்கள் போதும் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எல்லாத்தையும் குடுங்கக்கா. எங்க வீட்டு பிரிட்ஜ்ல பத்திரமா இருக்கும்."

இதில் இன்னொரு கொடுமை. பெயர், ஊர், மாதம் எழுதாத விதை உள்ளே வராது என்று ஒரு வாரமாகக் குழுவில் சட்டம் பேசியவனும் நான்தான். லேபிள் ஒட்டாத ஒரே பாட்டில் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். (அதை மட்டும் நல்ல கையெழுத்தில் எழுதலாம் என்று கடைசிக்கு வைத்திருந்தேன்.)

துண்டில் பரப்பினேன். ஃபேனைப் போட்டேன். ஹேர் டிரையரை எடுத்தபோது வனிதா பிடுங்கிக்கொண்டாள்.

"அத்த வறுத்துட்டுதான் வுடுவீங்களா? போயி அந்தக்காவாண்ட உள்ளத சொல்லுங்க."

அதற்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். "என் நண்பர் ஒருவர் தெரியாமல் விதையை ஊறவைத்துவிட்டார். திரும்பக் காயவைக்கலாமா?"

ஒருவர் வெயிலில் வை என்றார். ஒருவர், காயவைத்தால் முளை செத்துவிடும் என்றார். மூன்றாவது ஆள், "யாருங்க அந்த அறிவாளி நண்பர்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

ஈரத்துணி போட்டு மூடிய குண்டானோடு சர்ச் பக்கத்து ஹாலுக்குப் போனேன். எல்லோரும் வந்தவுடன் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டெல்லா அவரை எந்த மேஜையில?"

நான் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

அக்கா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலிலேயே பிடித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அவர் துணியை விலக்கி ஒரு விதையை எடுத்து நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்தார்.

"உப்பு போட்டியா?"

"இல்லக்கா."

"வெந்நியா, பச்சத்தண்ணியா?"

"பச்சத்தண்ணிதான்."

"நேத்து எத்தினி மணிக்கு?"

"ஒம்பது இருக்கும்க்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நா எப்பவும் ராவுல ஊறப்போட்டு காத்தால நடுறவதான். அந்த வேலைய நீ செஞ்சிகீற. இதுக்கா தம்பி மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?"

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்பதை இவ்வளவு மனதார நான் என்றைக்கும் சொன்னதில்லை.

அக்கா குண்டானைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனார்.

"த பாருங்க. இத்த டப்பால போட்டு அழகு பாக்க முடியாது. வாங்கினு போறவங்க இன்னிக்கே வூட்டுக்குப் போயி மண்ணுல வைக்கணும். வச்சிட்டு எனக்கு போட்டோ அனுப்பணும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க."

எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் குழுவில் விதை வாங்குகிறவர்கள் நிறைய, விதைக்கிறவர்கள் குறைவு. போன வருடம் வாங்கிய பாக்கெட்டுகள் என் மேஜை டிராயரிலேயே இருக்கின்றன. ஒரு சார், விதைக்கென்று தனி ஆல்பமே வைத்திருக்கிறார். அவரும் இன்று ஐந்து விதையை ஈரக் காகிதத்தில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போனார். மதியம் வரை நடக்கவேண்டிய கூட்டம் பதினொரு மணிக்கே கலைந்துவிட்டது. எல்லோருக்கும் வீட்டில் அவசர வேலை.

வேலிக்கு வேண்டிய அளவை அக்கா முதலிலேயே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மதியத்திலிருந்து குழுவில் போட்டோக்கள். பெயின்ட் வாளி, உடைந்த தொட்டி, சிமென்ட் சாக்கு, எல்லாவற்றிலும் ஈர மண்.

சாயந்தரம் அக்காவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. வனிதாவும் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"தம்பி, போன மழையில கொடி விழுந்தப்போ, அவ்ளோதான், இந்த அவர போச்சுன்னு நெனச்சேன். என் ஒரு வேலியில மட்டும்தானே இருந்துச்சு. இப்போ இத்தினி பேரு வூட்ல கீது. இனிமே காத்து மழ அடிச்சா எனக்கு பயமில்ல. நல்லாரு."

இரண்டு முறை கேட்டேன். நண்பர்களே, இதை உடனே இங்கே எழுதிவிடவேண்டும் என்று தோன்றியது. எழுதி முடிக்கும் நேரத்தில் இன்னொரு மெசேஜ்.

"ஆமா, எல்லாரும் போட்டோ போட்டாங்க. உன்னுது எங்க தம்பி?"

சட்டைப் பையில் கிடக்கும் என் பங்கு விதையைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

மாடிக்கு ஓடுகிறேன்.